துரியனுக்குப் பலா உறவில்லை, வெடிப்பலாதான் பங்காளி

ஐந்தருவிப் பக்கம் தோட்டத்தில் துரியன் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது பலாவில ஒரு சாதிதானே?" என்பதுதான். அடுத்த கேள்வி, "மலை மேல காட்டு துரியன்னு ஒண்ணு இருக்காமே, அதுல கன்னு எடுக்கலாமா?" முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம், இல்லை. இரண்டாவது அப்படி லேசாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதை நம்பி எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒன்பது வருஷமும் அரை ஏக்கர் நிலமும் போய்விட்டது.

அவர் மேக்கரைப் பக்கம் நிலம் வைத்திருக்கிறார். மேல எஸ்டேட்டில் வேலை பார்த்து இறங்கிய ஒருவர் நாலு முள்ளுக்காய் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இது காட்டு துரியன், விதை போடுங்க" என்று கொடுத்திருக்கிறார். முளைத்ததில் பதினொரு கன்று தேறியது. குழி எடுத்து, சொட்டுநீர் போட்டு, சாணமும் தழையும் கொட்டி வளர்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் செம்பு நிறத்தில் மினுங்கும். துரியன் இலையும் அப்படித்தான் மினுங்கும். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் துரியன் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது வருஷம் என்னைக் கூப்பிட்டார். மரத்தைப் பார்க்கும் முன்னால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அந்தக் காய்க்குள்ள விதையைச் சுத்தி சதை இருந்துச்சா தம்பி?" யோசித்துவிட்டு, "இல்லை அண்ணாச்சி, வெறும் கொட்டைதான் இருந்துச்சு" என்றார். விஷயம் அங்கேயே முடிந்துபோனது. அவர் வளர்த்தது துரியன் அல்ல, வெடிப்பலா.

தாவரங்களை வகை பிரிப்பது கல்லூரி வாத்தியார்கள் வேலை, நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் இருந்தவன். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒன்பது சுப்பையா இருப்பார்கள். அப்பா பெயர், கணக்கு எண், கையெழுத்து பார்க்காமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும்? மரத்துக்கும் அதே கதைதான். பலா என்று பெயர் வைத்ததெல்லாம் பலா ஆகிவிடாது.

முதலில் பலாவை ஒதுக்கி வைத்துவிடுவோம். பலா ஆலமரம், அத்தி, முசுக்கட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பலாப்பழம் என்பது ஒரு பழமே அல்ல. நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் ஒரே தண்டில் நெருங்கி நின்று, எல்லாம் சேர்ந்து பருத்து ஒன்றாகிப் போனதுதான் அந்தப் பழம். வெளியே தெரிகிற முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. உள்ளே இருக்கிற சுளை ஒவ்வொன்றும் கருத்தரித்த ஒரு பூ, சடை முழுக்கக் கருத்தரிக்காத பூக்கள். துரியன் அப்படி இல்லை. ஒரு பழம், ஒரே ஒரு பூவின் சூலகத்தில் இருந்து வந்தது. அதன் முள் தோலின் மேல் முளைத்த வெறும் முள்தான். உள்ளே ஐந்து அறைகள், அறைக்குள் விதைகள், விதையைச் சுற்றி வெண்ணெய் மாதிரி சதை. பலாவை வகுந்துதான் எடுக்க வேண்டும். துரியன் பழுத்தால் ஐந்து கோட்டில் தானாகவே விரியும். பலாவில் பால் வடியும், துரியனில் வடியாது. இரண்டும் கிளையிலும் தண்டிலும் காய்க்கும், இரண்டிலும் முள் உண்டு. ஒற்றுமை அத்தோடு சரி.

அப்படியானால் துரியனுக்கு யார் சொந்தம்? இதைச் சொன்னால் பல விவசாயிகள் சிரிக்கிறார்கள். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, துத்தி, இலவம், கோகோ எல்லாம் துரியனுக்குச் சொந்தக்காரர்கள். பழைய புத்தகங்களில் துரியனை இலவமரக் குடும்பத்தில் வைத்திருப்பார்கள். கோகோ வேறு குடும்பம், சணலும் தடசும் இன்னொரு குடும்பம், பருத்தியும் வெண்டையும் மற்றொரு குடும்பம். 1990-களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியபோது இந்த நாலு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் நிற்கவில்லை. 1998-ல் பூக்கும் தாவரங்களுக்குப் புதிய வகைப்பாட்டை வெளியிட்ட ஆய்வாளர் குழு நாலையும் ஒன்றாக்கி மால்வேசி என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்தது. 2017 ஏப்ரலில் திருவாங்கூர் ஸ்டேட் பாங்க் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு சேர்ந்தபோது பாஸ்புக்கும் பலகையும் மாறியது. ஆள் அதே ஆள், பணம் அதே பணம். இதுவும் அந்த மாதிரிதான்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சுவரை இடித்த பிறகு உள்ளே புதிதாக அறை பிரித்தார்கள். அப்போது துரியனைப் பழையபடி இலவம் இருக்கும் அறையில் விடவில்லை. வலம்புரிக்காய் தெரியும்தானே? நாட்டுமருந்துக் கடையில் கயிறு முறுக்கினது மாதிரித் தொங்கும். குழந்தைக்கு வயிற்று வலி என்றால் பாட்டிமார் உரசிக் கொடுப்பார்கள். அந்தச் செடி இருக்கும் உட்குடும்பத்தில்தான் இன்று துரியன் இருக்கிறது. இலவத்தைவிட வலம்புரி நெருங்கிய சொந்தம். கண்ணால் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

உறவு தெரிந்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்டால், நோயும் பூச்சியும் உறவு பார்த்துத்தான் வருகின்றன. வெண்டையைத் துளைக்கிற புள்ளிக் காய்ப்புழுதான் பருத்திக் காயையும் துளைக்கிறது. இலவத்தடியில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற சிவப்புப் பூச்சி பருத்திக்கும் வெண்டைக்கும் போகும். துரியன் மரத்தை அடியோடு சாய்க்கிற ஃபைட்டோப்தோரா பால்மிவோரா என்ற நோய்க்கிருமிதான் கோகோவில் காய் கறுப்பதற்கும் காரணம். அது தென்னையில் குருத்தழுகலையும் உண்டாக்குவதால் உறவுக்கு அப்பாலும் கை நீட்டும் என்பது உண்மை. ஆனாலும் தென்னைக்கு நடுவே துரியனும் கோகோவும் கலந்து வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, மூன்றையும் ஒரே ஈரத்தில் நெருக்கி நிறுத்தாதீர்கள் என்பதுதான். சாரல் மூன்று மாதம், பிறகு ஐப்பசி கார்த்திகை அடைமழை. நம்ம பக்கம் மண் காய்கிற நாளே குறைவு.

இனி வெடிப்பலாவுக்கு வருவோம்.

குல்லேனியா என்பது ரொம்பச் சின்னப் பேரினம். உலகத்திலேயே மூன்று இனம்தான். இரண்டு இலங்கையின் ஈரக்காட்டில், ஒன்று நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில். துரியனின் பேரினமான டூரியோவில் சுமார் முப்பது இனங்கள் உண்டு. போர்னியோ தீவுதான் அதற்குத் தாய்வீடு. அந்த முப்பதில் மனிதர் சாப்பிடுகிறது ஒன்பது பத்துதான் இருக்கும், சந்தைக்கு வருவது பெரும்பாலும் டூரியோ சிபெத்தினஸ் ஒன்று மட்டும். மலாய் மொழியில் 'டூரி' என்றால் முள். சிபெத்தினஸ் என்பது புனுகுப்பூனையைக் குறிக்கும். வாடையை வைத்து வந்த பெயர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெடிப்பலாவையும் முதலில் டூரியோ என்றுதான் பதிந்தார்கள். 1847-ல் இலங்கையில் இருந்த ஜார்ஜ் கார்ட்னர் அங்கே கிடைத்த மரத்துக்கு டூரியோ சிலானிகஸ் என்று பெயர் கொடுத்தார். அதன் பின் வந்தவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக வந்து தாவரங்களில் இறங்கிவிட்ட ஸ்காட்லாந்துக்காரர். 1830-களில் குற்றால மலையில் ஏறி இறங்கிச் செடி சேகரித்தவர். இன்றைக்கும் பல செடிகளின் பழைய பதிவில் 'கோர்ட்டாலம்' என்று நம்ம ஊர்ப் பெயர் நிற்பதற்கு அவரும் ஒரு காரணம். அவருடைய பெரிய படநூலில் 2100-க்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் உண்டு. அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். துரை பெயர் மட்டும் நிற்கிறது, வரைந்த கை மறந்துபோகிறது என்பதால் இதைச் சேர்த்தே சொல்கிறேன். 1850-களின் தொடக்கத்தில் அந்தப் படநூலில் இந்த மரத்தைத் துரியனிலிருந்து பிரித்துக் குல்லேனியா என்ற புதுப் பேரினமாக வைட் வெளியிட்டார். அப்போது அவர் கோயம்புத்தூரில் கம்பெனிக்காக அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கிற வேலையில் இருந்தார். ஒரு பக்கம் பருத்தி, மறுபக்கம் வெடிப்பலா. இரண்டும் ஒரே குடும்பம் என்று முடிவாக இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

குல்லேனியா என்ற பெயர் 1840 முதல் 1860 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனுக்கு மரியாதையாக வைத்தது. அப்போது பக்கத்தில் இருக்கிற செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பரில்தான் அது நம்மோடு சேர்ந்தது.

எதை வைத்து வைட் பிரித்தார்? பூவை வைத்து. துரியன் பூவுக்கு வெள்ளையாய் ஐந்து இதழ் உண்டு. கிளையிலிருந்து கொத்தாகத் தொங்கும். வெடிப்பலாப் பூவுக்கு இதழே கிடையாது. பழுப்பும் மஞ்சளுமாய்ச் சதைப்பிடிப்பான ஒரு குழல்தான் பூ. மகரந்தத் தாள்களும் குழலாய் ஒட்டியிருக்கும். முதிர்ந்த கிளையை ஒட்டி, விரல்களை அடுக்கின மாதிரி அப்பிக்கொண்டு பூக்கும். அண்ணாந்து பார்த்தால் கிளைக்குப் பாசி பிடித்திருக்கிறதோ என்று தோன்றும்.

வைட் நம்ம மலை மரத்தையும் இலங்கை மரத்தையும் ஒன்றாகவே வைத்தார். குல்லேனியா எக்ஸெல்சா என்பது அவர் கொடுத்த பெயர். கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூலிலும் அதே பெயர்தான். ஜாவாவில் பிறந்த கோஸ்டர்மன்ஸ் என்பவர் துரியன் கூட்டத்தையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவர் 1956-ல் இலங்கையில் இரண்டாவது இனம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். 1970-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே ராபின்ஸ், இந்தியாவில் உள்ளது இலங்கையில் உள்ளது அல்ல, தனி இனம் என்று எழுதி, குல்லேனியா எக்ஸாரில்லாட்டா என்று பெயர் வைத்தார். அந்த நீளமான பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 'அரில்' என்றால் விதையைச் சுற்றியிருக்கும் சதையுறை, துரியனில் நாம் சாப்பிடுகிறது அதைத்தான். 'எக்ஸ்' என்றால் இல்லாதது. ஆக 'சதையுறை இல்லாத குல்லேனியா' என்பதுதான் பெயரின் பொருள். மேக்கரைக்காரரிடம் நான் கேட்ட கேள்வி அந்தப் பெயரில் இருந்து வந்ததுதான். அவருக்குக் காயைக் கொடுத்தவருக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் ஒன்பது வருஷம் மிச்சம்.

துரியனை இப்போதும் கலைத்து அடுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோஸ்டர்மன்ஸ் துரியனோடு சேர்த்துவைத்த சில இனங்களை, மகரந்தப்பை துளையாகத் திறக்கிறதா கீறலாகத் திறக்கிறதா என்பதையும் மரபணுவையும் பார்த்து, போஷியா என்று மறுபடி தனியாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி அடுக்கினாலும் முள்ளுக்காய் உள்ள டூரியோ, போஷியா, குல்லேனியா மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் தகராறு இல்லை.

தோட்டத்தில் நின்று அடையாளம் காண இலையை மட்டும் நம்பாதீர்கள். அடியில் மினுங்கும் செதில் இரண்டுக்கும் பொது. காயைப் பாருங்கள். வெடிப்பலாக் காய் தேங்காய்ப் பருமனைத் தாண்டாது, துரியன் ஒன்றரை கிலோ, மூன்று கிலோ என்று வரும். உடைத்தால் ஒன்றில் பளபளப்பான கொட்டை மட்டும் இருக்கும், மற்றதில் சதையும் ஊரைக் கூட்டும் வாடையும் இருக்கும். பூத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஐந்தருவித் தோட்டக்கலைப் பண்ணையிலோ கல்லாறு, பர்லியார் பழப்பண்ணைகளிலோ நிற்கிற துரியனை ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டு வந்தால் பிறகு யாரும் ஏமாற்ற முடியாது.

அப்படியானால் வெடிப்பலா வீண் மரமா? இந்த வருஷம் தை மாதம் இந்தக் கேள்வியோடுதான் மேலே சின்ன எஸ்டேட் வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். அவர் இடத்தில் பெரிய வெடிப்பலா நாலு நிற்கிறது. "மேனேஜர் சார், காயை மனுசன் தின்ன முடியாது. நாலு மரமும் குரங்கைத்தான் கூப்பிடுது. தட்டிட்டு ஒட்டுத் துரியன் வச்சா என்ன?" என்றார். அவருக்கு அடைக்க வேண்டிய கடன் இருக்கிறது. துரியன் விலையும் தெரியும். பிள்ளை இல்லாத தம்பதிகள் சாப்பிட்டால் பலிக்கும் என்ற நம்பிக்கையில் குற்றாலத்திலும் கல்லாற்றிலும் இந்தப் பழத்துக்கு அடிதடி. அதற்கு மருத்துவ நிரூபணம் எதுவும் இல்லை என்று நான் சொல்லித்தான் பழத்தைக் கொடுக்கிறேன். அந்த ஏக்கத்தை வைத்து விலையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம்ம மலையில் எழுநூறு மீட்டருக்கு மேலே உள்ள ஈரமான பசுமைமாறாக் காட்டில் மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கிற மரம் இது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பஸ்கால் செய்த வகைப்பாட்டில் ஒரு காட்டு வகைக்கே வெடிப்பலா, நாங்கு, பாலா என்ற மூன்று மரங்களின் பெயர்தான். மாஞ்சோலைக்கு மேலே ககாச்சியில் கணேஷ், பிரியா தாவிதார் ஆகிய ஆய்வாளர்கள் வெடிப்பலா மரங்களைக் கவனித்து 1997-ல் எழுதினார்கள். காட்டில் வேறு தீனி குறைந்திருக்கும் வறண்ட மாதங்களில் இது பூக்கிறது. அந்தச் சதைப்பிடிப்பான பூவைத் தின்ன சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், மரநாய், வௌவால் எல்லாம் வருகின்றன. பூவைத் தின்றால் காய் ஏது என்று தோன்றும். பூ அத்தனை ஏராளம் என்பதால் தின்றது போக மிஞ்சியது காய்க்கிறது. அந்த வருகையில்தான் மகரந்தமும் மரம் விட்டு மரம் போகிறது. சிங்கவால் குரங்கு பிஞ்சு விதையையும் விடுவதில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தக் குரங்கின் பிழைப்பில் பெரும்பங்கு இந்த மரத்தின் மேல் நிற்கிறது.

"அது காட்டுக்குச் சரி, என் கடனுக்கு?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் துரியன் பூவில் இருக்கிறது. துரியன் பூ சாயங்காலம் விரியும், இரவில் மகரந்தம் கொடுக்கும், விடிவதற்குள் இதழும் தாளும் உதிர்ந்துவிடும். பகலில் வரும் தேனீயை அது முழுக்க நம்பவில்லை, வௌவாலை எதிர்பார்க்கிறது. பல ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய் பிடிக்காது. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், அதைச் சுமந்து வர இரவில் பறக்கிற ஆள் வேண்டும். மலேசியாவில் 1970-களில் ஆராய்ந்தபோது, துரியன் பூவுக்கு வருகிற குகை வௌவால்கள் மற்ற காலத்தில் வெகுதூரம் பறந்து அலையாத்திக் காட்டுப் பூக்களில் தேன் குடித்து உயிர் வாழ்வது தெரிந்தது. அலையாத்தியை வெட்டினால் துரியன் காய்ப்பு குறையும் என்ற கவலை அங்கே வந்தது அப்படித்தான். நம்ம மலையில் வறண்ட மாதத்தில் வௌவாலுக்குப் பூ கொடுக்கிற மரம் வெடிப்பலா. அதை வெட்டிவிட்டு அந்த இடத்திலேயே வௌவாலை நம்புகிற மரத்தை வைப்பது எனக்குக் கணக்காகப் படவில்லை. தம்பி நாலு மரத்தையும் விட்டுவிட்டார். கீழே காப்பி பட்டுப்போன சரிவில் இரண்டு ரகத்தில் பன்னிரண்டு ஒட்டுக்கன்று வைக்கிறார்.

வைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும், தாய் மாதிரியே வரும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் பூக்கும். விதைதான் போடுவேன் என்றால் பழத்தைத் தின்ற கையோடு போட வேண்டும், காய வைத்தால் ஒரு வாரத்தில் செத்துவிடும். முதல் இரண்டு வருஷம் நிழல் வேண்டும், வாழையோ கிளைரிசிடியாவோ போதும். சரிவில் மண்ணை மேடாகக் கூட்டி அதன் மேல் நடுங்கள். தண்ணீர் ஒரு நாள்கூடத் தண்டடியில் தேங்கக் கூடாது. மூடாக்கு நிறையப் போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டி ஒரு முழம் விட்டுப் போடுங்கள், ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். சாரல் தொடங்கும் முன்னால் மட்கிய தொழுவுரத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து வேர்ப்பகுதியில் கொடுக்கிறேன். பட்டையில் செந்நிறமாய்ப் பிசின் மாதிரிக் கசிந்தால் அன்றைக்கே கவனியுங்கள்.

வௌவால் வரத்து குறைவான இடமென்றால் தாய்லாந்துக்காரர்கள் செய்வதுபோல் கையால் மகரந்தம் சேர்க்கலாம். இரவு ஏழு மணிக்கு மேல், ஒரு ரகத்தின் மகரந்தத்தை மென்மையான தூரிகையில் எடுத்து, அடுத்த ரகத்தின் சூல்முடியில் தடவ வேண்டும். ஏணி பிடிக்க ஓர் ஆள், டார்ச் அடிக்க ஓர் ஆள். என் தோட்டத்தில் டார்ச் அடிப்பது என் வீட்டம்மா. பூவில் வௌவால் வந்து தொங்கினால் அன்றைக்கு நாங்கள் ஏணியை மடக்கிவிட்டு வந்துவிடுவோம்.